திருப்பூரில் தேடிய முரட்டுப் பட்டை

கிளம்பும்போது என் கணவர் சொன்னது ஒன்றுதான். எனக்காக அங்கே எதையும் தேடி அலையாதே என்றார். சரி என்று தலையாட்டினேன். அவர் தூங்கும்போது இடது புஜத்தை நூலால் சுற்றி அளந்து, அந்த நூலைச் சுருட்டிக் கைப்பையில் வைத்திருந்தது அவருக்குத் தெரியாது.

நாங்கள் தூத்துக்குடிக்காரர்கள். நியூசிலாந்தின் தென்தீவில் ஒரு சின்ன ஊருக்குப் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. அங்கே குளிர்காலத்தில் பொழுதைப் போக்க இரண்டே வழிதான். ஒன்று தொலைக்காட்சி. மற்றது ஊர்க்கோடித் தகரக் கொட்டகையில் இருக்கும் ரைஃபிள் கிளப். வியாழன்தோறும் சாயங்காலம் பத்துப் பதினைந்து பேர் பாயில் குப்புறப் படுத்து, பாயின்ட் டூ டூ ரைஃபிளால் காகித அட்டையைச் சுடுவார்கள். ரிம்ஃபயர் என்கிற சின்னத் தோட்டா. சத்தமும் சின்னது, தோளில் உதைப்பதும் கிடையாது. முடிந்ததும் தேநீர், கேக், அடுத்தவர் அட்டையைப் பார்த்துக் கேலி. என் கணவர் ஜெபராஜ் ஆங்கிலம் ஒழுங்காகப் பேசக் கற்றுக்கொண்டதே அந்தக் கொட்டகையில்தான். நானும் சுடுவேன், சுமாராக. தேநீர் நன்றாகப் போடுவேன்.

சென்ற ஆண்டு அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பியது, நடை திரும்பியது. இடது கை மட்டும் பாதி வழியில் நின்றுவிட்டது. குப்புறப் படுத்துச் சுடும்போது ரைஃபிளின் முன்பாரத்தை ஏந்துவது இடது கை. ஆனால் உண்மையில் தாங்குவது ஒரு பட்டை. புஜத்தில் வளையமாக மாட்டி, மறுமுனையைத் துப்பாக்கியின் முன்கட்டைக்கு அடியில் கொக்கி போட்டுவிட்டால் பாரம் முழுக்கப் பட்டைக்குப் போய்விடும். அவருடைய பழைய தோல் பட்டை இரண்டு விரல் அகலம்கூட இருக்காது. அது அழுத்தினால் இப்போது கை மரத்துப்போகிறது. அகலமான பட்டை என்றால் கட்டலாம் என்று மருத்துவர் சொன்னார். இணையத்தில் ஒரு நைலான் பட்டை வாங்கினோம், அது இழுபட்டது. இன்னொன்று வாங்கினோம், அது புஜத்திலிருந்து வழுக்கி முழங்கைக்கு வந்தது.

அன்றைக்கு அவர் ரைஃபிளைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். பக்கத்து ஊர் கிளப்போடு வருஷா வருஷம் நடக்கும் சிநேகப் போட்டி வரைக்கும் பார்ப்பேன், அதற்குள் சரிப்படவில்லை என்றால் விற்றுவிடலாம் என்றார். ரைஃபிள் போவதில் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. ஆனால் அதோடு வியாழக்கிழமையும் போய்விடும். அவர் வீட்டை விட்டு வெளியே போய் நாலு பேரோடு பேசுகிற நாள் அது ஒன்றுதான். மற்ற நாளெல்லாம் சன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

என் தங்கை செல்வி திருப்பூர் பக்கம் பெருமாநல்லூரில் சொந்த வீடு கட்டி முடித்திருந்தாள். அவள் பிழைப்புக்காகத் திருப்பூர் வந்து, இன்று ஒரு ஏற்றுமதி கம்பெனியின் பேக்கிங் பிரிவில் சூப்பர்வைசர். புதுவீட்டுப் பிரதிஷ்டை ஜெபத்துக்குக் கூப்பிட்டபோது பட்டை விஷயத்தைச் சொன்னேன். உலகத்துக்கே பனியன் தைக்கிற ஊரில் ஒரு பட்டை தைக்க ஆள் இல்லையா என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை நம்பித்தான் வந்தேன்.

கோவையில் இறங்கியதும் வெயில் முகத்தில் அறைந்தது. செல்வி அனுப்பிய காரில் ஏறி முதல் வேலையாக வீட்டுக்கு போன் போட்டேன். அவர் எடுக்கவில்லை. அவிநாசி வருவதற்குள் நான்கைந்து தரம் போட்டிருப்பேன். கீழே விழுந்து கிடப்பதாகவும், அடுப்பு எரிந்துகொண்டே இருப்பதாகவும் என்னென்னவோ நினைத்து, கடைசியில் கிளப் செயலாளர் ஆலனைக் கூப்பிட்டேன். அவர் ஆடு வளர்க்கிற பெரியவர். போய்ப் பார்த்துவிட்டு, உன் புருஷன் போனைச் சமையலறையில் வைத்துவிட்டுத் தோட்டத்தில் நிற்கிறான் என்றார். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, கேட்காமலேயே ஒரு கடையோரம் நிறுத்தி இளநீர் வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் செல்வி விடுப்பு எடுத்துக்கொண்டு டவுனுக்குக் கூட்டிப் போனாள். பொத்தான், லேபிள், எலாஸ்டிக், நாடா விற்கும் கடைகள் வரிசையாக இருக்கும் சந்து. நியூசிலாந்தில் எங்கள் ஊரில் ஒரு ஊசி வாங்க வேண்டுமென்றால் நாற்பது நிமிடம் கார் ஓட்ட வேண்டும். இங்கே ஊசிக்கென்றே தனிக் கடை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முதல் கடையிலேயே, ரைஃபிளுக்கு ஒரு பட்டை வேண்டும் என்றேன். கடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. பக்கத்தில் நாடா அளந்துகொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார். அந்த மாதிரி எதுவும் எங்களிடம் இல்லீங்க என்று மிக மரியாதையாக எங்களை வெளியே அனுப்பினார்கள்.

"ஏக்கா, ஒனக்குக் கோட்டியா? துப்பாக்கின்னா சொல்லுவாங்க? நாய்க்குன்னு சொல்லு" என்று செல்வி அதட்டினாள்.

அடுத்த கடையில் நாய்க்கு என்று சொன்னேன். என்ன சாதி நாய், எத்தனை வயது, கடிக்குமா என்று கேள்விமேல் கேள்வி. பெரிய நாய், வயசானது, முன்னங்கால் ஒன்று சரியில்லை என்று ஏதோ உளறினேன். சொல்லி முடித்ததும் மனம் கசந்துவிட்டது. கடைக்காரர் பாவம், நாய்க்காக உச்சுக் கொட்டினார். பிறகு உள்ளே போய் அகலமான நாடாச் சுருள்களைக் கொண்டுவந்து, ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக் காட்டினார். எந்தக் கடைக்குப் போனாலும் அப்படித்தான். இழுபட்டால் நல்ல சரக்கு, இழுத்ததும் பழையபடி சுருங்கினால் அதைவிட நல்ல சரக்கு. பனியன் ஊர் அல்லவா, இழுபடாத பொருளைக் காட்டவே அவர்களுக்குக் கூச்சம். மத்தியானத்துக்குள் எனக்குத் தலை சுற்றியது. திருப்பூர் வந்தும் பட்டை கிடைக்கவில்லை என்று எப்படித் திரும்பிப் போவது?

கடைசிக் கடையில் இருந்தவர் இரக்கப்பட்டு, பெருமாநல்லூர் போகும் வழியில் சென்னியப்பன் என்பவரின் நாடா யூனிட் இருக்கிறது, பருத்தியில் தடித்த பட்டை அவர்தான் ஓட்டுவார் என்றார். செல்விக்கு அவரைத் தெரியும். அவள் கம்பெனியின் தொப்பி வைத்த ஸ்வெட்டர்களுக்குக் கயிறு அங்கிருந்துதான் வருகிறதாம்.

தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம். உள்ளே நாடாத் தறிகள் ஓடும் சத்தத்தில் பேசுவது கேட்காது. சென்னியப்பனுக்கு ஐம்பது வயதிருக்கும், வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் சின்னக் கத்தரி. பொய் சொல்லி அலுத்துப்போயிருந்ததால் இங்கே எல்லாவற்றையும் உள்ளபடி சொன்னேன். பக்கவாதம், பட்டை, வியாழக்கிழமை, விற்பதாகச் சொன்னது. அவர் கேட்டு முடித்து, டீ சொல்லி அனுப்பிவிட்டு, மெல்ல ஒரு சந்தேகம் கேட்டார்.

"ஏனுங்கம்மிணி, சுடறதுன்னா காயிதத்த மட்டுந்தானுங்களே?"

காகிதத்தை மட்டும்தான் என்றேன். அவர் நிம்மதியாக மூச்சு விட்டு நூலை வாங்கி அளவு பார்த்தார். விளையாட்டுப் பைகளுக்கு ஓட்டிய மூன்று விரல் அகலப் பருத்திப் பட்டை கைவசம் இருந்தது. இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. அன்றே ஒரு வளையமும் கொக்கியும் வைத்துத் தைத்துக் கொடுத்தார்கள். மாட்டிப் பார்க்க வேண்டுமே. பேக்கிங் மேசையில் இடம் ஒதுக்கித் தந்தார்கள். ஐம்பத்தைந்து வயதில், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு மரப்பலகையைத் துப்பாக்கியாகப் பிடித்து அந்த மேசையில் குப்புறப் படுத்தேன். மொத்த யூனிட்டும் வேலையை நிறுத்திவிட்டது. தறி ஓட்டும் வடக்கத்தி ஆள் ஒருவர் இந்தியில் ஏதோ கேட்க எல்லாரும் சிரித்தார்கள். அக்கா பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவரா என்று கேட்கிறான் என்றாள் செல்வி.

பட்டை புஜத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. சென்னியப்பனின் மனைவி சரோஜா அதை என் புஜத்தில் தடவிப் பார்த்து, பூ மாதிரி இருக்குதுங்க என்றார். அவர்தான் அங்கே சரக்குக்குக் கடைசி மெருகு போடும் ஃபினிஷிங் வேலையைப் பார்க்கிறவர். அன்று நேரங்கழித்து மதியச் சாப்பாடு அவர்கள் வீட்டில். அரிசியும் பருப்பும் சேர்த்துப் பொங்கிய சோறு, மேலே ஊத்துக்குளி நெய். நாங்கள் அங்கே வெண்ணெய்க்குப் பேர்போன தேசத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நெய்யைச் சாப்பிட்ட பிறகு அதைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

ஆனால் பலகை வேறு, ரைஃபிள் வேறு. உண்மையான ரைஃபிளில் மாட்டிப் பார்க்காமல் கொண்டுபோக எனக்குத் தைரியம் இல்லை. ஊத்துக்குளியில் சிவகாமி என்று ஒரு கால்நடை மருத்துவர், ரைஃபிள் கிளப் உறுப்பினர் என்று செல்வியின் சர்ச்சில் யாரோ சொன்னார்கள். பேசினேன். ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்குள் சிநேகமாக ஒரு போட்டி உண்டு, வாருங்கள், வெளி ஆள் சுடக் கூடாது, உங்கள் பட்டையை நானே மாட்டிச் சுட்டுப் பார்க்கிறேன் என்றார். குரலிலேயே ஆளைப் பிடித்துவிட்டது.

ஞாயிறு காலை திருப்பூர் ஸ்டேஷனில் ஈரோடு போகும் ரயில் வந்தது. ஏறி உட்கார்ந்தேன். ஊத்துக்குளி என்ற பெயர்ப்பலகை சன்னலில் ஓடி மறைந்தபோதுதான் அது அங்கே நிற்காத வண்டி என்று தெரிந்தது. எதிரே இருந்த அம்மா முறுக்கை நீட்டி, இதுக்கு நின்னு போற பாசஞ்சர்ல வந்திருக்கோணுங்க என்றார். ஈரோட்டில் இறங்கி, பஸ் பிடித்து, வெயிலில் நின்று, மறுபடி பஸ் மாறி நான் போய்ச் சேர்ந்தபோது போட்டி முடிந்து எல்லாரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். சிவகாமி மட்டும் பாயைச் சுருட்டாமல் காத்திருந்தார். மன்னிப்புக் கேட்டேன். கன்று போடத் தாமதிக்கிற மாட்டுக்குக் காத்திருந்து பழக்கம் என்று சொல்லி அவர் படுத்துக்கொண்டார்.

பழைய கல்குழியின் ஓரத்தில், குறி பார்த்துச் சுடும் அந்த ரேஞ்ச். முதல் இரண்டு குண்டும் நடுவில். நான் தொலைநோக்கியில் பார்த்து மூச்சு விட்டேன். மூன்றாவது கொஞ்சம் கீழே. நான்காவது இன்னும் கீழே. சிவகாமி நிறுத்தி, பட்டையைப் புஜத்தில் மேலே ஏற்றிக்கொண்டு மறுபடி சுட்டார். மறுபடி அதே கதை.

எழுந்து உட்கார்ந்து, "படி எறங்கற மாதிரி எறங்குது பாருங்கக்கா. பட்டை இழுபடலீங்க. கையில நிக்க மாட்டேங்குது, அவ்வளவு வழுவழுன்னு இருக்குது" என்றார்.

நான் வாங்கி விரலால் தேய்த்துப் பார்த்தேன். ஆமாம், வழவழப்பு. குழந்தைச் சட்டை மாதிரி. தன்னுடைய தோல் பட்டையை எடுத்துக்கொண்டு போங்கள் என்று சிவகாமி நீட்டினார். அது என் கணவரின் பழைய பட்டையைப் போலவே ஒடுக்கம், அவருக்குக் கை மரத்துவிடும். திரும்பும் வழியெல்லாம் அவருடைய கையைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். பலமுள்ள ஒரு பெண் கையிலேயே நிற்காதது, அவர் கையில் எப்படி நிற்கும்? நண்பர்கள் முன்னால் அது நழுவினால் அவர் ஒரு வார்த்தை பேச மாட்டார். பெட்டியை மூடுவார், அவ்வளவுதான்.

மறுநாள் சென்னியப்பனிடம் சொன்னேன். அவருக்கு முகம் வாடிவிட்டது. தறியில் குற்றமா, நூலில் குற்றமா என்று பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தானே கண்டுபிடித்தார்.

"சாஃப்ட்னருங்க. எங்ககிட்ட இருந்து ஒரு மொழ நாடாக்கூட சாஃப்ட்னர்ல முக்காம வெளிய போனதில்லீங்க. வாங்க வர்ற பையர் மொதல்ல கிள்ளித்தான் பாப்பானுங்க. சொரசொரன்னு இருந்தா அப்படியே திருப்பிப்போடுவான்."

அது எனக்கு அப்போதுதான் புரிந்தது. இந்த ஊரில் யாரும் யோசித்துச் செய்வதில்லை, கை தானாகச் செய்துவிடுகிறது. சாப்பிட்டதும் கை கழுவுவது போல, துணி என்றால் கடைசியில் மிருதுவாக்க வேண்டும். தறியிலிருந்து இறங்கி, துவைக்காமல் சாயம் போடாமல் இருக்கும் பட்டையை இங்கே கிரே என்கிறார்கள். அதில் ஒரு துண்டு வெட்டித் தரச் சொன்னேன். வெட்டிக் கொடுத்தார். பருத்திக்கொட்டைத் துகள் ஒட்டிக்கொண்டு, பழுப்பாக, கையில் உரசும்படி இருந்தது. மறுபடியும் மேசை, மறுபடியும் பலகை. இந்தத் தடவை பலகையின் முன்னால் நூல்கண்டுகள் நிறைந்த பை ஒன்றைத் தொங்கவிடச் சொன்னேன். பழைய பட்டையில் பலகை கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது. கிரே பட்டையில் நான் கையைத் தளரவிட்ட பிறகும் அப்படியே நின்றது. மேசைமேல் படுத்தபடியே எனக்குக் கண் கலங்கிவிட்டது. சென்னியப்பன் எதற்கோ என்று பயந்து தண்ணீர் கொண்டுவந்தார்.

விளிம்பு தைத்து, கொக்கியை மாற்றிப் பொருத்தி, பிரதிஷ்டை அன்று கொண்டுவந்து தருவதாகச் சொன்னார். அப்படியே கணவனும் மனைவியுமாக வந்தார்கள். போதகர் ஜெபம் பண்ணி, பிரியாணி பரிமாறி, வீடு முழுக்கத் தென் மாவட்டத்துப் பேச்சும் கொங்குப் பேச்சும் கலந்து இரைச்சலாக இருந்தது. சரோஜா என் கையில் ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார். ஏற்றுமதிக்குப் போவது போலவே பாலிதீன் உறை, உள்ளே மெல்லிய தாள். பத்திரமாகப் பெட்டிக்குள் வைத்தேன். அன்றைக்கு என் கணவரும் போனை எடுத்தார். நான் பட்டையைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆலன் போட்டிக்குப் பெயர் கொடுக்கச் சொல்லி வந்ததாகவும், எழுதிக்கொள் என்று சொல்லிவிட்டதாகவும் அவரே சொன்னார். கடைசித் தடவை சுட்டுப் பார்த்துவிட்டு விற்றுவிடலாம் என்றார்.

புறப்படும் நாள் காலை, கார் வருவதற்கு முன்னால், இன்னொரு தரம் மாட்டிப் பார்க்கலாமே என்று உறையைக் கிழித்தேன். தொட்டதுமே தெரிந்துவிட்டது. வெண்ணெய் மாதிரி இருந்தது. கொட்டைத் துகள் ஒன்றுகூட இல்லை, வெள்ளைவெளேரென்று மின்னியது. அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

சரோஜாவுக்கு போன் செய்தேன். பிரித்துப் பார்த்தீர்களா, பிடித்திருக்கிறதா என்று அவர்தான் முந்திக்கொண்டார். வெளிநாடு போகிற பொருள், அழுக்கும் தூசியுமாக எப்படி அனுப்புவது, வீட்டுக்காரருக்குத் தெரியாமல் தானே பார்த்துப் பார்த்து ப்ளீச் பண்ணி, இரண்டு தரம் சாஃப்ட்னரில் முக்கியெடுத்ததாகச் சொன்னார். உங்க ஊட்டுக்காரருக்குக் கை உறுத்தக் கூடாதல்லங்க என்றார். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் எப்படிக் கெடுப்பேன்? ரொம்ப நன்றி என்று சொல்லிவிட்டு வைக்கப் போனேன். செல்வி போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"மைனி, கோவிச்சுக்கிடாதீங்க. நீங்க செஞ்சதுல இப்ப அது வேலைக்கு ஆவாது. வழுக்கும். அக்கா அழுதுக்கிட்டு இருக்கா, ஒங்ககிட்ட சொல்ல மாட்டா" என்றாள்.

மறுமுனையில் சரோஜாவின் குரல் கேட்டது. "அய்யோ, நானே கெடுத்துப்போட்டனுங்களா."

சென்னியப்பன் வாங்கிப் பேசினார். தறியில் வேறு சரக்கு ஏற்றியாகிவிட்டது, கிரே பட்டை ஒரு முழம்கூட மிச்சமில்லை என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்தி, நீங்கள் காரை எடுங்கள், அவிநாசி ரோடு பிரிவில் நில்லுங்கள், வந்துவிடுகிறேன் என்றார். என்ன கொண்டுவருவார் என்று சொல்லவில்லை. காரில் நகம் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விமானத்துக்கு நேரமாகிறது என்று ஓட்டுநர் கடிகாரத்தைப் பார்க்கிறார். வழியில் சரக்கு வேன் ஒன்று பனியன் மூட்டைகளைச் சாலை முழுக்கக் கொட்டிவிட்டு நின்றது. ஆளாளுக்கு இறங்கி மூட்டை தூக்கினோம். பிரிவுக்கு நாங்கள் வந்தபோது அவர்கள் இன்னும் வரவில்லை.

டீக்கடை ஓரம் நிற்கையில் மொபெட் ஒன்று வந்தது. சென்னியப்பன் ஓட்டினார், சரோஜா பின்னால். முன்பக்கம் ஒரு நூல் மூட்டை. அந்த மூட்டையை வண்டியோடு சேர்த்துக் கட்டியிருந்தது பழுப்பும் கறுப்புமாக ஒரு பட்டை. நான் கிரே பட்டையில் படுத்துப் பார்த்த அன்று வெட்டியதில் மிஞ்சியது. வண்டிக் கயிறு அறுந்துபோனதால் அன்றே அதை எடுத்துக் கட்டினாராம். கிரீஸ் கறை, புழுதி, ஒரு பக்கம் சைலன்சர் சூட்டில் கருகல். சரோஜா இறங்கி முடிச்சை அவிழ்த்தார். அழுதிருந்தார் என்று பார்த்தாலே தெரிந்தது. சேலைத் தலைப்பால் பட்டையைத் துடைக்கப் போனார்.

"துடைக்காதீங்க சரோஜா" என்று நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இத எப்படிங்க ஒருத்தருக்குக் குடுக்கறது" என்றார்.

நான் வாங்கி என் புஜத்தில் சுற்றி இழுத்தேன். தோல் சிவந்தது, பட்டை இம்மி நகரவில்லை. அவர் அதைப் பார்த்தார். பிறகு என் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போய் வண்டியில் ஏறினார். கட்ட எதுவும் இல்லாததால் நூல் மூட்டையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். மொபெட் அப்படியே திரும்பிப் போனது. நான் கும்பிட்டபடி நின்றேன், அவர்கள் பார்க்கவில்லை.

விமான நிலையத்தில் அந்த அழுக்குப் பட்டையையும், வெள்ளைப் பட்டையிலிருந்து பிரித்தெடுத்த இரும்புக் கொக்கியையும் தனியாக எடுத்து வைத்து, இது என்ன என்று கேட்டார்கள். கை சரியில்லாதவருக்குக் கையைத் தாங்கும் பட்டை என்றேன். அதிகாரி இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, முகத்தைச் சுளித்து, பெட்டிக்குள் திருப்பிப் போட்டார்.

வீட்டில் அதை மேசைமேல் வைத்தேன். அவர் மோந்து பார்த்து, கிரீஸ் வாடை அடிக்குது என்றார். எதற்காகத் தேடினாய் என்று கேட்கவில்லை. தையல் இயந்திரத்தில் ஊசி ஒடிந்ததால் கையாலேயே தைத்தோம். மடிப்பை அவர் இடது கையால் பிடித்துக்கொண்டார், நான் தடி ஊசியால் குத்தி இழுத்தேன். அந்தக் கை அடிக்கடி நழுவியது, என் விரலில் குத்தியது.

போட்டி அன்று கொட்டகையில் கூட்டம். பக்கத்து ஊர்க்காரர்கள் கேக் கொண்டுவந்திருந்தார்கள். அவர் பாயில் படுத்து, பட்டையைப் புஜத்தில் ஏற்ற ஆலன் உதவினார். நான் தேநீர்ப் பாத்திரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டேன். பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. ஒவ்வொரு சத்தத்துக்கும் நடுவே நெடுநேரம். மற்றவர்களெல்லாம் சுட்டு முடித்து எழுந்துவிட்டார்கள். அவர் மட்டும் சுட்டுக்கொண்டிருந்தார். யாரும் கோப்பையைக்கூட அசைக்கவில்லை. அவர் கடைசிக் குண்டையும் சுட்டார்.

அட்டை வந்தது. முதல் நான்கைந்து எங்கெங்கோ போயிருந்தன. பாக்கியெல்லாம் நடுவை ஒட்டி, ஆனால் எல்லாமே கொஞ்சம் இடப்பக்கம். மொத்தத்தில் அன்று அங்கே இருந்ததிலேயே குறைந்த மதிப்பெண் அவருடையதுதான். அதனால் எங்கள் கிளப் தோற்றது. யாரும் அதைச் சொல்லவில்லை. வழக்கமாகக் கேலி செய்கிறவர்கள் அன்று கேலி செய்யாதது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அவர் அட்டையை விளக்கடியில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். நான் தேநீரோடு பக்கத்தில் போய் நின்றேன். விற்றுவிடலாம் என்று சொல்லப் போகிறார் என்று நினைத்து, அதற்கு என்ன பதில் சொல்வது என்று மனதுக்குள் தேடிக்கொண்டிருந்தேன்.

"கொக்கிய ஒரு வெரக்கட வலப்பக்கம் தள்ளித் தைக்கணும்" என்றார். "வியாழக்கெழமைக்குள்ள தச்சுருவியா?"